எழுபத்தொன்பது நாள் மூடிக் கிடந்த வாளி

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனைவி சொல்லுவாள். லிஃப்ட் பொத்தானை மூன்று தரம் அமத்துகிற ஆள் நான். தேத்தண்ணி ஆறுமுன்னே குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்ளாத கிழமை இல்லை. முப்பது வருசமாக மொன்றியலில் பனிக்காலம் கழித்தும் மார்ச் மாதம் பிறந்த உடனே தடித்த ஜக்கெற்றைக் கழுவி மடித்து வைத்துவிட்டு, பிறகு ஏப்ரல் வரைக்கும் நடுங்கிக்கொண்டு திரிவேன். இப்படிப்பட்டவன் ஏன் பியர் காய்ச்சப் போனான் என்று கேட்டால், அது என் பிழை இல்லை. என்னோடு வேலை செய்த ஒரு கியூபெக் மனிதர்தான் காரணம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அந்த மனிதரும் பதினெட்டு வருசம் எனக்குப் பக்கத்தில் அதையே ஓட்டினார். ஓய்வு பெற்றுப் போகிற அன்று, மூடி போட்ட ஒரு பெரிய வெள்ளை பிளாஸ்டிக் வாளியை என் காரில் ஏற்றிவிட்டார். மூடியின் நடுவில் ஒரு துளை. அதில் தண்ணீர் விட்டு வைக்க ஒரு சின்ன வளைந்த குழாய். உள்ளே நுரைக்கிற காற்று அந்தத் தண்ணீருக்குள்ளால் குமிழ் விட்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. "பார்லிச் சாற்றைக் காய்ச்சு, ஆறவிடு, ஈஸ்ட் போடு, மூடு. பிறகு தொடாதே," என்றார். எத்தனை நாளைக்குத் தொடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டேன். "அது முடிக்கும் வரைக்கும்," என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தார். இது ஒரு பதிலா? எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு கள்ளின் கணக்கு. காலையில் இறக்கினால் இனிப்பு, மத்தியானம் ஏறும், அடுத்த நாள் அது விநாகிரி. புளிக்கிற சாமானை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பழுதாகிவிடும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. முதல் தரம் காய்ச்சியபோது, நாலாம் நாள் குமிழ் குறைந்ததைக் கண்டதும், ஐயோ கெடப்போகுதே என்று பதறி அவ்வளவையும் போத்தல்களில் அடைத்துவிட்டேன். அது முடிக்கவே இல்லை. பாதி இனிப்பு இன்னும் உள்ளே கிடந்திருக்கிறது. ஈஸ்டுக்கு நான் மூடி போட்டது தெரியுமா? அது போத்தலுக்குள் இருந்து தன் வேலையைத் தொடர்ந்து செய்தது.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேஸ்மென்டில் 'படார்' என்று ஒன்று வெடித்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. நானும் மனைவியும், ஊரில் ஷெல் விழும்போது செய்ததுபோல, கறிக் கையோடு மேல்மாடிப் படிக்குக் கீழே போய்க் குந்திவிட்டோம். மூன்றாவது வெடித்தபோது நான் அவளுடைய தலையை அமத்திப் பிடித்திருந்தேன். மொன்றியலுக்கு அடுத்த லவாலில், சொந்த வீட்டில், பட்டப்பகலில்! பியர் வாசம் படியேறி வந்த பிறகுதான் விளங்கியது. அவள் எழும்பிச் சேலையைத் தட்டினாள். "நல்ல காலம், பிள்ளையள் ஒருத்தரும் பாக்கேல்லை," என்றாள். பிறகு அந்த இடத்திலேயே இருந்து கண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தோம்.

அடுத்த முறை போத்தலில் அடைக்க அவசரப்படவில்லை. அதற்குப் பதிலாக வாளியைத் திறந்து திறந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கீழே கூட்டிக்கொண்டுபோய் மூடியைத் தூக்கிக் காட்டினேன். விருந்தாளி வந்தால் காட்டாமல் விட முடியுமா? அந்தக் குழாய்த் தண்ணீர் வற்றினால் காற்று உள்ளே போய் எல்லாம் நாசமாகிவிடும் என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன், திறந்த வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அது புளித்து ஊறுகாய் ஆகிவிட்டது.

அந்த வருசம் மகள் கர்ப்பமாக இருந்தாள். ஏழாம் மாதம். எங்களுக்குப் பிறக்கப்போகும் முதல் பேரப்பிள்ளை. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்போது எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. மேலே ஐயர், கீழே பேஸ்மென்டில் போத்தல். அந்த முப்பத்தொண்டுக்கு என் கையால் காய்ச்சிய பியர் ஊற்ற வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கியூபெக் மனிதரைக் கேட்டேன். கடுமையான கறுத்த பியராகக் காய்ச்சு, மூன்று நாலு கிழமை வாளியில் விடு, பிறகு போத்தலில் இரண்டு மூன்று மாதம் கிடக்கட்டும் என்றார். "நாட்காட்டியைப் பார்த்து அடைக்காதே. மிதவைக் குழாயை விட்டு எவ்வளவு இனிப்பு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பார். மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண் காட்டினால் முடிந்தது. காட்டாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இரு." கைவிரலால் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். இப்போதே தொடங்க வேண்டும்.

அடுப்பில் பெரிய பானையை வைத்ததும் மனைவி வந்து நின்றாள்.

"இதென்ன காய்ச்சிறியள்?"

"முப்பத்தொண்டுக்குத்தான்."

அவளுடைய முகம் மாறியது. "உங்களுக்கு விசரே? பிள்ளை பிறக்கமுன்னம் ஒரு சட்டைத்துண்டு கூட வாங்கக் கூடாதெண்டு நான் கடைப் பக்கம் போகாமல் இருக்கிறன். நீங்கள் கொண்டாட்டத்துக்குக் குடிக்கக் காய்ச்சிறியளோ?"

"சட்டை வேறை, பியர் வேறை."

"எல்லாம் ஒண்டுதான். சொல்லுறதைக் கேளுங்கோ."

நான் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்?

ஈஸ்ட் போட்ட இரண்டாம் நாள் கீழே போனேன். வாளியைத் திறக்கவில்லை, சத்தியமாக. வெளியில் வெளிச்சத்தைப் பிடித்தால் பிளாஸ்டிக்குக்குள்ளால் மங்கலாகத் தெரியும். நுரை ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதற்குக் கீழே சாறு நின்ற இடத்தில் நிற்காமல் உருண்டது, புரண்டது, மேலே வந்தது, கீழே போனது. யாரும் கலக்கவில்லை, யாரும் சூடாக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், வாளி இளஞ்சூடாக இருந்தது. சின்னப் பொட்டலத்தில் இருந்த மண்ணிறத் தூள் அது. அதற்கு உயிர் இருக்கிறது என்று இரண்டு நாளுக்கு முன்னே யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். முழங்காலில் இருந்துகொண்டு அரை மணித்தியாலம் வாயைப் பிளந்து பார்த்தேன். கோயிலிலும் நான் அவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் நின்றதில்லை.

அடுத்த நாள் காலை மருமகன் டெலிபோன் எடுத்தான். மகளுக்குத் திடீரென்று பிரசவ நோ கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேரமுன்னே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. மூன்று மாதம் முந்திவிட்டாள்.

தொள்ளாயிரத்து நாற்பது கிராம். கடையில் வாங்குகிற ஒரு பை சீனியிலும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். தோல் மெல்லியதாக, சிவந்து, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், காலில் ஒரு சிவப்பு விளக்கு. நெஞ்சு ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். என் பெருவிரல் நீளம்கூட இல்லாத நெஞ்சு அது. ஆனால் எவ்வளவு வேகம்! எவ்வளவு பிடிவாதம்! விரல்களில் நகம் இருந்தது. அரிசியின் முனை அளவில், ஒவ்வொரு விரலிலும் ஒவ்வொரு நகம், ஒன்றும் குறையவில்லை. யார் இருந்து செய்தது இதை? தாதி ஒரு கதிரையை இழுத்துத் தந்தாள்.

எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று டொக்டரைக் கேட்டேன். அவர் திகதி சொல்லவில்லை. தானாக மூச்சு விட வேண்டும், தானாகப் பால் குடிக்க வேண்டும், தானாக உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும், பிழைப்பாள் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது என்றார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குசினியில் அழுதாள். "சொன்னனான் எல்லே," என்று ஒருதரம் மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு இந்த நல்லநாள், கெட்டநாள் நம்பிக்கை எதுவும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். அன்றைக்கு நம்பினேன். என்னுடைய அவசரம்தான் அந்தப் பிள்ளையை அவசரப்படுத்திவிட்டது என்று முழுதாக நம்பினேன்.

"கொண்டுபோய் ஊத்திப்போட்டு வாறன்," என்று எழும்பினேன்.

அவள் முகத்தைத் துடைத்தாள். "ஊத்தப்படாது."

"ஏன்?"

"ஊத்திறதெண்டால் என்ன கருத்து? அந்தப் பிள்ளை வராது, முப்பத்தொண்டு நடக்காது எண்டு நீங்களே முடிவெடுத்திட்டியள் எண்டுதானே? தொடங்கினது தொடங்கியாச்சு. இனி அது அவளின்ரை. அவள் இந்த வீட்டுக்கு வரும்வரைக்கும் நீங்கள் அதிலை கை வைக்கக் கூடாது. குடிக்கவும் கூடாது, ஊத்தவும் கூடாது."

நேர்த்தி வைக்கிற மாதிரித்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் ஒரே மாதிரிப் போயின. வேலை முடிந்ததும் நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். மகள் காலை முதல் அங்கே இருப்பாள். பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு மெத்ரோவில் லவாலுக்கு வருவேன். அவளும் மருமகனும் அந்த நாட்களில் எங்களோடு இருந்தார்கள். பெற்ற பிள்ளையைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் வெளியே வருகிறவளுடைய முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கதவடி மட்டும் வருவாள், திரும்பிப் போவாள். கையைக் கழுவுவாள். இன்னொருக்கால் பார்த்துவிட்டு வருவாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"அப்பா, வாளி இருக்கா?"

"ஓம் பிள்ளை, இருக்கு."

பகிடிக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அந்த நிலைமையிலும் ஒரு பகிடி வருகிறதே என்று ஆறுதலாகவும் இருந்தது. ஒருநாள் மருமகன் சிரித்துக்கொண்டு, "மாமா, ரெண்டும் பெட்டிக்குள்ளதான் இருக்கு," என்றபோது எனக்குக் கெட்ட கோபம் வந்தது. ஒன்று குடிக்கிற சாமான், மற்றது பிள்ளை, வாயைப் பார்த்துக் கதையும் என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவன் பிறகு இரண்டு நாள் என் முன்னே வரவில்லை.

முப்பத்தோராம் நாள் வந்தது. நான் விருந்துக்குக் குறித்து வைத்திருந்த கணக்கு அது. அன்றைக்கு ஐயரும் இல்லை, ஆட்களும் இல்லை. பிள்ளைக்குக் குடலில் கிருமி பிடித்து, இரண்டு நாளாகப் பாலை நிறுத்தி, கழற்றியிருந்த மூச்சு மெசினைத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். வயிறு ஊதி நீலம் பாரித்துக் கிடந்தாள். நகர்ந்துகொண்டிருந்த கை கால்கள் நகரவில்லை. டொக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அறையில் மேசையில் கண்ணீர் துடைக்கிற கடதாசிப் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மகளும் மருமகனும் அங்கேயே நின்றார்கள். என்னால் நிற்க முடியவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேரே பேஸ்மென்டுக்குப் போனேன். சப்பாத்தும் கழற்றவில்லை. அந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்து, தளத்தில் இருக்கிற தண்ணீர் வடிகிற குழி வரைக்கும் இழுத்தேன். இதை வைத்துக்கொண்டு யாரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்தேன். போகப்போகிற பிள்ளைக்கு எதற்கு விருந்து? மூடியின் ஒரு பக்கத்தைக் கிளப்பினேன். வாசம் வந்தது.

"விடுங்கோ."

மனைவி படியில் நின்றாள். கையில் சாமியறைச் செம்பு. அவள் ஓடி வந்து, கிளம்பிய மூடியை உள்ளங்கையால் அமத்தி மூடினாள். அமத்தின கையை எடுக்கவில்லை.

"நான் ஒவ்வொரு நாளும் விளக்குக் கொழுத்திப்போட்டு இதுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு வாறன், உங்களுக்குத் தெரியுமோ? இந்தக் குழாயிலை தண்ணி வத்தினால் காத்துப் போய் எல்லாம் நாசம் எண்டு நீங்கள்தானே வந்தவை போனவை எல்லாருக்கும் படிப்பிச்சனியள்? நீங்கள் கீழை வராத நேரமாப் பாத்து வந்து விடுறனான். என்னட்டை வேறை என்ன இருக்கு செய்யிறதுக்கு? அந்தப் பிள்ளையைத் தொட என்னை விடுறாங்களே? டொக்டருக்குச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு வருமே? இதுக்குத் தண்ணி விட எனக்கு ஏலும். அதை விடுறன்."

பியர் என்ற சொல்லையே வாயால் சொல்லாத மனுசி. போத்தல் தட்டுப்பட்டால் முந்தானையால் பிடித்து எடுக்கிறவள். நான் அந்தக் குழாயைப் பார்த்தேன். ஒரு மாதமாகியும் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் நின்றது. அதை நான் கவனிக்கவே இல்லை. வாளியை இழுத்த இடத்திலேயே விட்டுவிட்டு அவளுடைய கையின்மேல் என் கையை வைத்தேன். இரண்டு பேரும் அப்படியே தளத்தில் இருந்தோம். நான் சத்தம் போட்டு அழுதேன், அவள் அழவில்லை.

பிள்ளை அன்றைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அதிலிருந்து நாலாம் நாள் வயிறு வற்றத் தொடங்கியது. ஏழாம் நாள் ஒரு கரண்டி பால் இறங்கியது. இன்னொரு கிழமையில் மெசினைத் திரும்பக் கழற்றினார்கள். ஐம்பதாம் நாளளவில், முழங்கை வரைக்கும் கழுவச் சொல்லி, சட்டையைத் திறக்கச் சொல்லி, தாதி அவளைக் கொண்டுவந்து என் வெறும் நெஞ்சில் கிடத்தினாள். மேலே ஒரு போர்வை. அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் அசையக் கூடாது என்றாள். நான் இரண்டு மணித்தியாலம் அசையவில்லை. அவளுடைய மூச்சு என் நரைத்த மயிரை ஆட்டியது. என்னுடைய சூட்டை எடுத்துக்கொண்டு அவள் சூடானாள். என் இதயம் அடிக்கிற சத்தத்தில் அவளுடையது ஆறுதலாக இறங்கி வருவதைத் திரை காட்டியது. அறுபது வயதாகப் போகிறது எனக்கு. நான் பார்த்தவற்றில் இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை.

எழுபத்தாறாம் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கிலோ அறுநூறு. காரில் கட்டுகிற பிள்ளைக் கதிரைக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. மனைவி ஆரத்தி சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்து, "சரி, இனிப் போய்ப் பாருங்கோ," என்றாள்.

கியூபெக் மனிதருக்கு டெலிபோன் எடுத்தேன். எழுபத்தொன்பது நாளாக வாளியிலேயே கிடக்கிறது, பழுதாகியிருக்குமா என்று கேட்டேன். "நீயா எழுபத்தொன்பது நாள் விட்டாய்?" என்று கேட்டார். பேஸ்மென்ட் குளிராக இருந்தால், தண்ணீர் வற்றாமல் இருந்தால், அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது என்றார். அளந்து பார்த்தேன். மூன்று நாள் கழித்து மறுபடி அளந்தேன், அதே எண். அடியில் ஈஸ்ட் களியாக இறுகிப் படிந்து கிடந்தது. மேலே நின்றது தெளிந்திருந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தால் மாதுளம்பழச் சிவப்பு. ஒரு வாய் வைத்தேன். கசப்பு, பிறகு காய்ந்த பழத்தின் இனிப்பு, பிறகு ஒரு சூடு. யாரும் தொடாமல், யாரும் பார்க்காமல், அது இவ்வளவையும் செய்து முடித்துவிட்டு அமைதியாக இருந்திருக்கிறது.

போத்தலில் அடைத்து ஒரு மாதம் கழித்துத் துடக்குக் கழித்தோம். ஆட்கள் போன பிறகு நாங்கள் நாலு பேரும் மேசையில் இருந்தோம். பிள்ளை மகளின் தோளில் நித்திரை. மகள் பால் கொடுக்கிறபடியால் குடிக்கவில்லை, என் கிளாசை வாங்கி மணந்து மட்டும் பார்த்தாள்.

"அப்பா, நான் ஏன் ஒவ்வொரு நாளும் வாளி இருக்கா எண்டு கேட்டனான், தெரியுமா?"

"பகிடிக்குத்தானே?"

"இல்லை. அவளை அங்கை விட்டிட்டு வரேக்கை எனக்கு விசர் பிடிக்கும். திரும்பி ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வரலாமோ எண்டு இருக்கும். அப்ப உங்களை நினைக்கிறனான். எங்கடை அப்பாவாலை அஞ்சு நிமிசம் சும்மா இருக்க ஏலாது. அவரே அவளுக்காக அந்த வாளியைத் தொடாமல் இருக்கிறார். அவர் ஒருநாளும் நம்பிக்கை விடேல்லை. அப்ப என்னாலயும் ஏலும் எண்டு நினைக்கிறனான். அந்தக் கெட்ட நாள், முப்பத்தொண்டு, அண்டைக்கும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனான்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மேசையில் சிந்தியிருந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஓம் பிள்ளை," என்றாள். "அப்பா அதிலை கை வைக்கவே இல்லை."

மகளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. அந்தத் துணிவில்தான் இதையெல்லாம் எழுதினேன். பேத்திக்கு இப்போது நாலு வயது. அம்மம்மாவின் மடியில் இருந்து 'அ' எழுதப் பழகுகிறாள். ஒருநாள் அவள் இதை வாசித்தால், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அந்த மத்தியானம் நான் உன்னைக் கைவிட்டேன் பிள்ளை. என்னை மன்னித்துக்கொள்.